நீட் அறைக்குள் கை நடுங்கினால்: வடசென்னைத் தம்பி தங்கைகளுக்கு

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கமிருந்து நீட் எழுதப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் இந்தத் தேர்வை எழுதியவர் இல்லை, தெருவிலும் இல்லை. பாடம் சொல்லித்தர ஆள் கிடைத்தார்கள். ஆனால் அறைக்குள் அந்த மூன்று மணி நேரமும் உடம்பு என்ன பாடுபடும், அப்போது கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதில் ஒரு வருடம் போனது, அம்மாவின் நகை அடகுக்குப் போனது. பயமே வராமல் இருக்க வழி இருப்பதாக நான் நம்பவில்லை. பயம் வந்த பிறகும் கை தன் வேலையைப் பார்க்கும்படி பழக்க முடியும். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

வினாத்தாளைப் பிரித்ததும் முதல் கேள்வி தெரியாது. இரண்டாவது நீளமான கணக்கு. மூன்றாவதைப் படிக்கும்போது எழுத்து கண்ணில் படும், பொருள் மண்டையில் ஏறாது. உள்ளங்கை வேர்க்கும், வாய் உலரும், இப்போதுதான் போய்விட்டு வந்திருந்தும் சிறுநீர் முட்டும். படித்ததெல்லாம் வீணாகிவிட்டது என்று அந்த நேரத்தில் உறுதியாகத் தோன்றும். எனக்கு அழுகை வந்தது. உண்மையில் எதுவும் அழிந்திருக்காது. ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டதும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. கணக்குப் போடும்போது பாதி விடையைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய நினைவாற்றலைக் கவலை பிடித்துக்கொள்கிறது. சில நிமிடங்களில் இது தணிந்துவிடும். தணிவதற்குள் கண்டபடி வட்டத்தை நிரப்புவதும், ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருவதும்தான் மதிப்பெண்ணைக் கொண்டுபோகிறது. ஆகவே அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து, பழகி, அப்புறம்தான் அறைக்குள் போக வேண்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கடினமாக இருக்கும் தாள் எல்லோருக்கும் கடினமாகத்தான் இருக்கும். 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்களே பலர் இருந்தார்கள். 2025-இல் இயற்பியல் மிகக் கடினமாக வந்தது, நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. பொதுப் பிரிவில் தகுதி பெறத் தேவையான மதிப்பெண் 144-க்கு இறங்கியது. பார்க்கப்படுவது தரவரிசைதான். அதனால் ‘600-க்குக் கீழே என்றால் சீட் இல்லை’ என்று யாரோ சொன்ன எண்ணைச் சுமந்துகொண்டு உள்ளே போகாதீர்கள். நம் மாநில அரசுக் கல்லூரி இடங்களில் 85 சதவீதம் மாநில ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகிறது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. உங்கள் பிரிவில் முந்தைய ஆண்டுகளில் எந்தத் தரவரிசை வரை இடம் கிடைத்தது என்பதை மாநில மருத்துவத் தேர்வுக் குழுவின் பட்டியலில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். தெருவில் கேட்ட எண்ணைவிட அது மனசை எவ்வளவோ இலேசாக்கும்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அறைக்குள் வரும் நடுக்கத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. ரிப்பீட்டர் வகுப்புக்கு, அதாவது மறுபடி எழுதுபவர்களுக்கான பயிற்சி வகுப்புக்கு, மொத்தத் தொகையையும் ஒரே தவணையில் கட்டச் சொல்வார்கள். வீட்டில் நகையை வைத்துக் கட்டினோம். வகுப்பில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், சந்தேகம் கேட்க நேரமில்லை. பாதியில் விலகியபோது ஒரு ரூபாயும் திரும்பி வரவில்லை. அந்த மையத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை, இப்படி நடப்பது ஒரு இடத்தில் மட்டுமல்ல. தவணையாக மட்டும் கட்டுங்கள். விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்த பிறகு அடுத்த தவணையைப் பற்றி யோசியுங்கள். விண்ணப்பக் கட்டணமே 2025-இல் பொதுப் பிரிவுக்கு 1,700, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 1,000 ரூபாய். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு முந்தைய மாதம் அடகு வட்டியைப் பற்றிப் பிள்ளை காதில் விழும்படி பேச வேண்டாம். அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

பயிற்சியில் மிக முக்கியமானது நேரம். தேர்வு பகல் 2 மணி முதல் 5 மணி வரை. நம்மில் பலர் இரவுப் பறவைகள், வேறு வழியும் இல்லை. ஒற்றை அறை வீட்டில் டிவி அணைந்து எல்லோரும் படுத்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்க முடியும். பத்து பதினொன்றுக்கு ஆரம்பித்து மூன்று மணி வரை படித்து, மறுநாள் மதியம் தூங்கி எழுவோம். அதாவது தேர்வு நடக்கும் அதே மூன்று மணி நேரத்தில் தூங்குவதற்கு உடம்பைப் பழக்கி வைத்திருப்போம். சாப்பாட்டுக்குப் பின் பகல் இரண்டு, மூன்று மணிக்கு யாருக்குமே இயல்பாகக் கொஞ்சம் மந்தம் தட்டும், இந்தப் பழக்கம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச்சில் முடிந்ததும் தூங்கும் நேரத்தைத் தினமும் அரை மணி முன்னால் நகர்த்துங்கள். ஒரே நாளில் மாற்ற முயன்றால் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பதுதான் மிச்சம். வீட்டில் இடமில்லை என்றால் பக்கத்துக் கிளை நூலகம், கொளத்தூரில் உட்கார்ந்து படிக்க இருக்கும் பொது இடமான முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களில் பகலில் உட்காரப் பாருங்கள்.

ஏப்ரல் முழுக்க வாரத்துக்கு இரண்டு முழு மாதிரித் தேர்வாவது சரியாக 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியுங்கள். போன் திரையில் எழுதுவது இதற்கு உதவாது. விடைக்கான வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுத்து, கருப்புப் பால்பாயின்ட் பேனாவால் நிரப்புங்கள். ஏ.சி. இருக்கும் இடத்தில் எழுதிப் பழக வேண்டாம். தேர்வு வழக்கமாக நடக்கும் மே முதல் வாரம் என்பது அக்னி நட்சத்திரம் தொடங்குகிற நேரம், தேர்வறையில் ஒரு மின்விசிறி உங்கள் தலைக்கு மேல் சுற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நடுவில் தம்பியையோ தங்கையையோ இரண்டு முறை வந்து இடைஞ்சல் செய்யச் சொல்லுங்கள். உண்மைத் தேர்வில் வருகைத் தாளில் கையெழுத்து, போட்டோ ஒட்டுவது, ரேகை என்று கண்காணிப்பாளர் உங்கள் மேஜைக்கு வருவார், பாதிக் கணக்கில் நிறுத்த வேண்டியிருக்கும். அதற்கு ஒரு பழக்கம் வையுங்கள். பேனாவைக் கீழே வைக்கும் முன் கடைசியாகக் கிடைத்த எண்ணை வட்டமிட்டுவிட்டு நிமிருங்கள். திரும்பி வரும்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

தேர்வுக்கு முந்தைய மூன்று நாட்களில் புதிதாக எதையும் தொடாமல், தாள்களையும் உடையையும் ஒழுங்கு செய்யுங்கள். ஹால் டிக்கெட்டை வெள்ளிக்கிழமையே இரண்டு நகல் பிரின்ட் எடுத்துவிடுங்கள். ஞாயிறு காலையில் திறந்திருக்கும் ஜெராக்ஸ் கடையைத் தேடி அலைந்து வியர்த்துப்போய் மையத்துக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் ஏற்றிய அதே போட்டோவில் பாஸ்போர்ட் அளவில் சில, நாலுக்கு ஆறு அங்குல அஞ்சலட்டை அளவில் ஒன்று வேண்டும். ஹால் டிக்கெட்டின் உறுதிமொழிப் பக்கத்தில் இடது கட்டைவிரல் ரேகை தெளிவாக விழ வேண்டும். மாணவர் கையெழுத்து இடத்தை வீட்டில் நிரப்பிவிடாதீர்கள், அதைக் கண்காணிப்பாளர் முன்னால்தான் போட வேண்டும். ஆதார் போன்ற அடையாள அட்டையின் அசல் வேண்டும், போனில் இருக்கும் படம் செல்லாது. பேனாவை அங்கேயே தருவார்கள். தண்ணீருக்கு லேபிள் இல்லாத ஒளி ஊடுருவும் பாட்டில். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், அதனால் ஹால் டிக்கெட்டில் அச்சாகி இருக்கும் குறிப்புகளை முழுவதும் வாசியுங்கள்.

உடையில் அரைக்கை, மெல்லிய துணி, பெரிய பட்டன் கூடாது. ஷூ வேண்டாம், சாதாரணச் செருப்பு போதும். ஜீன்ஸின் உலோகக் கொக்கியும் பட்டனும் மெட்டல் டிடெக்டரில் சத்தம் போடும். தங்கைகளே, மூக்குத்தியையும் தோட்டையும் கொலுசையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். பல வருடம் கழற்றாத மூக்குத்தித் திருகு வாசலில் நின்று இழுத்தால் வராது, இரத்தம் வரும். இரண்டு நாள் முன்பே நகைப் பட்டறைக்குப் போனால் ஒரு நிமிடத்தில் கழற்றித் தருவார்கள். தலைக்கு ஹேர்பின் வேண்டாம், ரப்பர் பேண்ட் போதும். கையில் கோயில் கயிறு இருந்தால் அதற்கும் கேள்வி வரலாம். பர்தா போன்ற வழக்கமான உடையோடு வருபவர்கள் சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் முன்னதாகவே போய்விட வேண்டும். வாசலில் நடக்கும் ஐந்து நிமிட அவமானம் மூன்று மணி நேரமும் கூடவே உட்கார்ந்திருக்கும். அதைத் தவிர்க்க முடிந்தால் அதுவே பெரிய நிம்மதி.

மையம் வீட்டுக்குப் பக்கத்தில் விழும் என்று நினைக்காதீர்கள். தாம்பரம், பூந்தமல்லி, ஆவடி என்று எங்கும் விழலாம். முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போய்ப் பாருங்கள். மற்ற நாளில் போய்ப் பார்த்தால் பயன் குறைவு, ஞாயிறன்று மின்சார ரயில்கள் குறைவாகத்தான் ஓடும். விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு மெட்ரோ இருக்கிறது, முடிந்த தூரம் அதிலேயே போங்கள். துறைமுகம் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கினாலோ, ரயில்வே கேட் மூடிக்கொண்டாலோ ஆட்டோக்காரர் என்ன செய்ய முடியும்? வாசல் 1.30-க்கு மூடினால் மூடியதுதான், ஒரு நிமிடம் தாமதத்துக்கும் திறக்க மாட்டார்கள். ஹால் டிக்கெட்டில் உங்களுக்குப் போட்டிருக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் வாசலில் இருப்பதுபோலக் கிளம்புங்கள்.

சாப்பாடு பத்தரை, பதினொரு மணிக்கு. இட்லியோ, கொஞ்சம் சாம்பார் சாதமோ, தயிர் சாதமோ, தினமும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற எதுவும் சரி. ஞாயிறு என்பதற்காகப் பிரியாணி வேண்டாம். உள்ளே போனால் ஐந்து மணிக்கு மேல்தான் அடுத்த சாப்பாடு, அதனால் வெறும் வயிற்றோடும் போகக்கூடாது. உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் நல்லது. டீ பழக்கம் இருந்தால் வழக்கமான அளவு குடியுங்கள், தூக்கம் வராமலிருக்க அன்றைக்குப் புதிதாகக் காபி குடிக்காதீர்கள், நெஞ்சுப் படபடப்பு கூடும். தேர்வு தொடங்கி முதல் ஒரு மணி நேரமும் கடைசி அரை மணி நேரமும் கழிவறைக்கு விடமாட்டார்கள். ஆகவே உட்காரும் முன் போய்விட்டு, உள்ளே தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். வாசலில் காத்திருக்கும்போது ‘அந்தச் சேப்டர் பார்த்தாயா’ என்று கேட்கிற நண்பரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். அவர் மேல் கோபம் வேண்டாம், அவருக்கும் அதே பயம்தான்.

வினாத்தொகுப்பு 2 மணிக்குக் கொஞ்சம் முன்பே கைக்கு வரும். அந்த நிமிடங்கள் உங்களுக்கான பரிசு. தொகுப்பின் குறியீடும் ஓ.எம்.ஆர். தாளின் குறியீடும் ஒன்றா என்று பாருங்கள், வேறாக இருந்தால் உடனே சொல்லி மாற்றுங்கள். பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாயசைத்தபடி நிரப்புங்கள். பிறகு மூச்சு. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. ஆறு முறை செய்தால் ஒரு நிமிடம் ஆகும். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு குறைகிறது, இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் வேலை அது. ஆனால் அறையில் போய் முதல் தடவை செய்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கு முன்னும் செய்து வந்தால்தான் உடம்புக்கு அது பழகிய கட்டளையாகும்.

180 கேள்வி, 180 நிமிடம். இயற்பியலும் வேதியியலும் 45, 45. உயிரியல் 90. தாளில் இயற்பியல் முதலில் இருந்தாலும் நீங்கள் அங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. என் அழுத்தமான கருத்து, உயிரியலில் ஆரம்பியுங்கள். பாதி மதிப்பெண் அங்கே இருக்கிறது, கணக்கு குறைவு, தெரிந்த வரிகள் வரிசையாக வரும்போது கை நடுக்கம் தானாக நிற்கும். அதற்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60. மிச்சம் 20 நிமிடம் விட்டுவைத்த கேள்விகளுக்கு. கையில் கடிகாரம் கட்ட முடியாது, அதனால் சுவர்க் கடிகாரம் 2.50, 3.40, 4.40 காட்டும்போது எங்கே இருக்க வேண்டும் என்பதை வினாத்தொகுப்பின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடிகாரம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கண்காணிப்பாளரிடம் மணி கேட்கத் தயங்க வேண்டாம். வேதியியலில் கனிம, கரிம வேதியியலை முடித்துவிட்டு, பெருக்கல் வகுத்தல் நீளும் இயற்வேதியியல் கணக்குக்கு வாருங்கள். இயற்பியலில் குறைகடத்தி, ஒளிமின் விளைவு, அலகுகள் போல ஒரே சூத்திரத்தில் முடிபவற்றை முதல் சுற்றில் பொறுக்கிவிடுங்கள்.

ஒரு கேள்வியைப் படித்து, எந்தச் சூத்திரம், எந்தக் கருத்து என்று அரை நிமிடத்தில் பிடிபடாவிட்டால் எண்ணைச் சுற்றி வட்டமிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிடிபட்டு, கணக்கு இரண்டு நிமிடத்தைத் தாண்டினாலும் அதேதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தெரிந்த பாடமாயிற்றே, விடக்கூடாது என்று நிற்பார்கள். ஒரு கேள்விக்கு நான்கு மதிப்பெண்தான், அது எளிதானதோ கடினமானதோ. ‘தவறான கூற்று எது’, ‘பொருந்தாதது எது’ என்பதைப் பார்த்ததும் அந்தச் சொல்லின் கீழ் கோடு போடுங்கள், பதற்றத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். தமிழ்த் தாள் எடுத்தவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். தமிழ் வாக்கியம் புரியாமல் முட்டினால் உடனே ஆங்கிலப் பக்கம் பாருங்கள். இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே செல்லும் என்பது விதி, அதனால் முக்கியமான கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் முன்பே தெரிந்துவைத்திருங்கள்.

நடுவில் மண்டை அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியது இது. பேனாவைக் கீழே வையுங்கள். உள்ளங்கைகளை உடையில் துடையுங்கள். பாதம் இரண்டும் தரையில் அழுந்தட்டும். அதே நான்கு, ஆறு மூச்சு ஒரு நிமிடம். பிறகு விட்ட கேள்விக்குத் திரும்பாமல், உயிரியலில் ஒரு சுலபமான கேள்வியைத் தேடிப் போடுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் செலவாகும். செலவாகட்டும், பதறியபடி எழுதும் இருபது நிமிடத்தைவிட அது மலிவு.

தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்பதால் ‘தெரியாவிட்டால் தொடாதே’ என்பார்கள். கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால், இப்படிப்பட்ட பத்துக் கேள்வியில் ஐந்து சரியாகும் என்று வைத்தால் 20 வந்து 5 போகும், 15 லாபம். அவற்றைத் தைரியமாகப் போடுங்கள். ஒன்றுமே தெரியாமல் இருபது கேள்வி குத்துமதிப்பாகப் போட்டால், ஐந்து சரியானால் 5 லாபம், நான்கு என்றால் பூஜ்யம், மூன்று என்றால் 5 நட்டம். இதற்காக நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கத் தேவையில்லை, விட்டுவிடுங்கள். இந்த எல்லையை வீட்டிலேயே முடிவுசெய்து கொண்டு போனால் கடைசிப் பத்து நிமிடத்தில் மனசு சூதாட ஆசைப்படாது.

வட்டம் நிரப்புவதைக் கடைசிக்கு வைக்கவே கூடாது. ஒரு வட்டத்துக்கு நான்கு நொடி என்றாலும் 180-க்கு 12 நிமிடம், அதுவும் கை நடுங்காமல் இருந்தால். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தின் விடைகளை நிரப்புங்கள். கேள்விகளை விட்டுவிட்டு எழுதும் நமக்கு வருகிற பெரிய ஆபத்து, 37-ஐ விட்டிருக்கும்போது 38-இன் விடை 37-இல் ஏறுவது. அப்புறம் வரிசையாக எல்லாம் ஒன்று தள்ளிப் போகும், பேனாவால் தீட்டியதை அழிக்கவும் முடியாது. கேள்வி எண்ணையும் விடையையும் ‘38, மூன்று’ என்று மனதுக்குள் சொல்லியபடி நிரப்பினால் இது நடக்காது. வேர்த்த உள்ளங்கை தாளில் படாமல், வினாத்தொகுப்பைக் கைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் விடைக்குறிப்பு வீடியோக்கள் போனில் குவியும். அன்று இரவு பார்க்காதீர்கள். தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையான என்.டி.ஏ. தற்காலிக விடைக்குறிப்பையும் உங்கள் ஓ.எம்.ஆர். நகலையும் பிறகு வெளியிடும், அப்போது உட்கார்ந்து ஒப்பிடலாம். விடைக்குறிப்பு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி எதிர்ப்புத் தெரிவிக்கலாம், அந்தப் பணம் திரும்பாது. முடிவு வரும்வரை உள்ள வாரங்கள்தான் தேர்வைவிடக் கொடுமையானவை. தூக்கம் போய், சாப்பாடு போய், வாழ்வதே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், தமிழ்நாடு அரசின் 104 எண்ணுக்கோ 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ உடனே பேசுங்கள், இலவசம். பெற்றோர்களே, அந்த நாட்களில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

காத்திருக்கும் அந்த நாட்களிலேயே நர்சிங், பி.பார்ம், வேளாண்மை ஆகியவற்றுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மாதவரத்தில் தலைமையகம் வைத்திருக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. இவற்றின் கடைசித் தேதி நீட் முடிவு வரும்வரை காத்திருக்காது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எல்லாம் மருத்துவத்துக்கும் இவற்றுக்கும் பொதுவாகத் தேவைப்படும். இ-சேவை மையத்தில் கூட்டம் சேரும் முன் மே மாதத்திலேயே வாங்கி, ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.